நாற்பத்தேழால் வகுபட்ட எண்

தில்லை நகர் ஆஸ்பத்திரியில் நேற்று எனக்குக் கிடைத்த டோக்கன் நாற்பத்தேழு. நர்ஸ் அதைச் சத்தமாகக் கூப்பிட்டபோது, இந்த வயதிலும் என் காதுமடல் சுட்டது. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

அறுபதுகளின் தொடக்கம். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் கல்லூரிக்கு வருவேன். என் வகுப்புச் சிநேகிதி நீ, காந்தி மார்க்கெட் பக்கமிருந்து, உன் அத்தா ஏற்பாடு செய்த குதிரை வண்டியில். கணிதச் சங்கக் கூட்டத்துக்காக ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டோம். இருபத்து மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 83,88,607. அது பகா எண் என்று நிரூபிக்க ஆசை. அதை எந்த எண் வகுத்தாலும், அந்த எண் நாற்பத்தாறின் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்பது விதி. அப்படிப்பட்ட எண்களைப் பங்கு போட்டு வகுத்தோம். எல்லாவற்றிலும் மீதி வந்தது.

மேடையில் நான் பேசினேன். சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கேட்டார்:

"நாற்பத்தேழால வகுத்துப் பார்த்தீங்களாம்மா?"

அவரே பலகையில் வகுத்தார். மீதி இல்லை.

"முதல் படியிலேயே சறுக்கிட்டீங்களே!"

அரங்கம் சிரித்தது. நான் தலையைக் குனிந்தபடி இறங்கிவிட்டேன்.

நீ எழுந்தாய். "சார், அந்த வகுத்தல் நான் போட்டது. கடன் வாங்கிக் கழிக்கிறதுல தப்பு பண்ணிட்டேன்." சிரிப்பு அடங்குமுன்பே மேடையேறிச் சாக்பீஸை எடுத்தாய். "ஈவு 1,78,481. இதுக்கும் அதே விதிதான். பார்த்துடலாம் சார்." விதிக்குப் பொருந்தும் பகா எண்களை மட்டும் போட்டுப் பார்த்தாய். நாற்பத்தேழு மறுபடி போகவில்லை. நூற்று முப்பத்தொன்பது போகவில்லை. இருநூற்று எழுபத்தேழும் போகவில்லை. அடுத்தது ஈவின் வர்க்கமூலத்தைத் தாண்டிவிடும்; அதற்கு மேல் பார்க்கத் தேவையே இல்லை. "இது பகா எண் சார்" என்றாய். யாரும் சிரிக்கவில்லை.

பேராசிரியர் உன் பெயரைக் கேட்டுக்கொண்டார். அவர் சொல்லி, மேல்படிப்புக்கு நீ சென்னைக்குப் போனாய். தப்பாக வகுத்தவள் நீ; கணக்கை விட்டவள் நான். "நீயும் வாடி" என்று எத்தனை தரம் கூப்பிட்டாய்! அந்தச் சிரிப்பு காதில் இருக்கும்வரை இன்னொரு பலகை முன்னால் என்னால் நிற்க முடியாது என்று தோன்றியது. பட்டம் வாங்கியதும் கல்யாணமாகி, கணவரின் திருவெறும்பூர் கம்பெனி குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டேன்.

நீ இறந்துபோன செய்தி கேட்டு உன் வீட்டுக்கு வந்தேன். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா ஒவ்வொரு வருஷமும் கணக்குப் பாடம் எடுக்கிற முதல் நாள்ல பிள்ளைங்ககிட்ட உங்க கதையைத்தான் சொல்லுவாங்க. 'அன்னிக்கு மேடை ஏற எனக்கு உதறல். என் சிநேகிதிதான் தைரியமா ஏறிப் பேசினா. அவ ஏறலைன்னா நான் ஏறியிருக்கவே மாட்டேன்'னு சொல்லுவாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் இறங்கி ஓடியதை மட்டுமே இத்தனை வருஷம் நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். முதலில் ஏறியதும் நான்தான் என்பதை நீ அல்லவா ஞாபகம் வைத்திருந்தாய். அதையும் சேர்த்துச் சுமக்க இப்போதுதான் பழகுகிறேன்.