முந்திச் சொன்ன சாட்சி

மார்ச் 3
இன்று ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். என் கணவரின் தொண்டைக் கட்டியைக் கர்த்தர் கரையப் பண்ணினார், கம்மிப்போயிருந்த குரலைத் திருப்பித் தந்தருளினார் என்று சபையார் அனைவரும் அறியக் கூறினேன். பள்ளிப்படி மிதியாமல், வேதாகமம் வாசித்தே எழுத்துக் கற்ற எனக்கு இத்தகைய சொல்வளம் வாய்த்ததைப் போதகரே வியந்தார்.

வீடு திரும்புகையில் இவர் கேட்டார்: "புலவரம்மா, அப்போ இனிமே கரன்ட் வச்சுக்கப் போக வேணாம்ல?"

கதிர்ச்சிகிச்சை இன்னும் பாதியில்தான் நிற்கிறது. "விசுவாசம் பாதியில் நிற்பதில்லை" என்று விடையளித்தேன். செம்மையான வாக்கியம்.

மார்ச் 19
மருத்துவமனையிலிருந்து மீண்டும் அழைத்தார்கள். எடுக்கவில்லை.

ஏப்ரல் 5
இவர் பேச்சைக் குறைத்துவிட்டார். தண்ணீர் வேண்டுமானால் மேசையைத் தட்டுகிறார். வெல்டிங் பட்டறை இரைச்சலில் கத்தியே பழகிய மனிதர்!

நாத்தனார் வந்திருந்தாள். "என்ன அண்ணி, எங்கண்ணனை ஊமையாக்கி உக்கார வச்சிட்டீங்க? ரெண்டு பேருக்கும் சேர்த்து நீங்களே பேசிடுறீங்களா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளூர நடுக்கம். அதற்குப் பயம் என்று பெயரிட மாட்டேன். பெயரிட்டால் அவிசுவாசமாகிவிடும்.

ஏப்ரல் 13
குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இருமிக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளினேன். துப்பியதில் ரத்தம்.

எப்போலேருந்து இப்படி? ஏன் சொல்லலை? — கத்திவிட்டேன்.

இவரிடம் குரலென்று ஒன்றில்லை, வெறும் காற்று. "சபைக்கு முன்னால சொல்லிட்டியே. உன்னைப் பொய்க்காரி ஆக்கவா?"

கடவுளே. என் வார்த்தையைக் காப்பாத்த இந்த மனுஷன் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கார். நான் யாரை நம்பினேன்? உம்மையா, என் பேச்சையா?

ஏப்ரல் 14
ஆராதனைக்குச் செல்லவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன். அதுவும் பொய்.

ஏப்ரல் 16
மருத்துவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படத்தைக் காட்டி அமைதியாக விளக்கினார். கட்டி வளர்ந்து கழுத்துக்கும் பரவியிருக்கிறது. குரல்வளையை அகற்ற வேண்டும். அகற்றிய பின்னரும் உறுதி கூறுவதற்கில்லை.

"நடுவுல நிறுத்தாம இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"இப்ப அதைப் பேசி என்னம்மா" என்றார்.

ஏப்ரல் 19
சாட்சியைத் திரும்பப் பெற விரும்புவதாகப் போதகரிடம் தெரிவித்தேன். "வேணாம்மா, அப்படியே விட்டுடுங்க. சிலபேரு விசுவாசம் ஆட்டம் கண்டுடும். எனக்கே சில நாள்..." என்றவர் முடிக்காமல் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

ஏப்ரல் 21
சொல்லிவிட்டேன். ஆயத்தப்படுத்திய உரை நாவில் ஏறவில்லை. "அவருக்குச் சரியாகலை. நான் முந்திச் சொல்லிட்டேன். என் பேச்சைக் கேட்டு சிகிச்சையை நிறுத்திட்டார். எனக்குப் பயமா இருக்கு. கர்த்தர் கேக்கிறாரான்னு கூடத் தெரியலை." அவ்வளவே. ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

வாசலில், பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவள் என் கையைப் பிடித்தாள். "அக்கா, என் மகளுக்கு வலிப்பு நின்னுடுச்சுன்னு போன வருஷம் சாட்சி சொன்னேன்ல? நிக்கலை. வெளியே விடாம வச்சிருக்கேன்."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டினா எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே."

ஏப்ரல் 22
அவளையும் மகளையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றேன். மாத்திரை தொடங்கியாயிற்று.

மே 2
அறுவை முடிந்து மூன்றாம் நாள். கழுத்தில் இட்ட துளை வழியே மூச்சு விடுகிறார். நோய் பரவிய சில நிணநீர்க் கணுக்களை எடுக்க முடியவில்லையாம். அதைப் பற்றி மருத்துவர் என்னிடம் மட்டும், தாழ்வாரத்தில், சொன்னார்.

உள்ளே வந்தபோது விழித்திருந்தார். ஜெபம் பண்ணும்படி கையால் காட்டினார். கட்டிலருகே முழங்காலிட்டேன். "இவரை எனக்கு விட்டுவையும்" என்றேன். அதற்குமேல் அடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

இன்னும் என்பதுபோல் விரலை அசைத்தார்.

அதையே மறுபடியும் சொன்னேன்.