பித்தளைச் சங்கு

1950 பிப்ரவரி 20, பாங்கோடு முகாம்
காலையில் கவாத்து. மத்தியானம் மோர் புளித்திருந்தது. ராஜாவின் பட்டாளத்தைக் கலைத்து இந்திய ராணுவத்தோடு சேர்க்கப் போகிறார்களாம். எல்லாரையும் எடுப்பார்களா? ஒருவனும் வாய் திறப்பதில்லை. வடக்கேயிருந்து வந்த மேஜர் மட்டும் சிரிக்கிறார். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

பிப்ரவரி 24
ஓடவிட்டார்கள், மார்பை அளந்தார்கள், பல்லைக்கூடப் பார்த்தார்கள். சந்தையில் மாடு பிடிக்கிறவன் இவ்வளவு பார்க்கமாட்டான். தேறிவிட்டேனாம். வாயால்தான் சொன்னார்கள்.

பிப்ரவரி 27
தொப்பியிலிருக்கும் ராஜாவின் சங்குச் சின்னத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். இங்கே சங்கைக் கழற்றினால் ஒரே அர்த்தம்தான். பென்ஷனில் போனவனும் கழற்றினான், குடித்துப் பிடிபட்டவனும் கழற்றினான். ஒருவனும் திரும்பி வரவில்லை.

பக்கத்துக் கட்டில் ததேயுஸ், "மக்கா, சங்கைக் குடுத்தா யானை தருவாவ. புதுப் பட்டாளத்துக்க சின்னம் அதாக்கும்" என்கிறான். இவனுக்கு எப்படித் தெரியும்? மேஜரின் சமையல்காரனோடு தினமும் என்ன பேச்சு? ஒருவன் குறைந்தால் தன் இடம் உறுதி என்று பார்க்கிறானோ?

மார்ச் 5, இரணியல்
மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு லீவில் வந்தேன். சங்கை மனைவி சொர்ணம்மாளிடம் கொடுத்து, பத்திரமாக வை என்றேன். அது கையைவிட்டுப் போகாதவரை என்னை எப்படி வீட்டுக்கு அனுப்புவான்?

மார்ச் 9, முகாம்
தொலைந்துவிட்டது என்று சொன்னேன். மேஜர் சிரிக்கவில்லை.

மார்ச் 10
மைதானத்தில் இரண்டு பெட்டி. ஒன்றில் சங்கைப் போட்டவன் அடுத்ததிலிருந்து யானையை எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான். அவ்வளவேதான்! மேஜரிடம் ஓடினேன். வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றேன்.

மார்ச் 11, இரணியல்
"அம்மைக்க உண்டியல்ல போட்டேன். உங்கள வீட்டுக்கு அனுப்பப் பிடாதுன்னு நேந்துகிட்டு. பத்திரமா வைன்னு நீங்கதானே சொன்னிய?"

கத்தினேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். அம்மனுக்குப் போட்டதைத் திருப்பித் தரமாட்டார்களாம்.

மார்ச் 13, முகாம்
நடந்ததைச் சொன்னேன். மேஜர் நம்பவில்லை. பழைய ராஜாவின் சின்னத்தை விட மனமில்லாதவன் புதுக் கொடிக்குக் கீழே எப்படி நிற்பான் என்று கேட்டார். என்னையா? என்னையா சந்தேகப்படுகிறார்?

சமையல்காரனிடம் படித்த அரைகுறை இந்தியில் ததேயுஸ் எனக்காகக் கெஞ்சிப் பார்த்தான். இவன் சந்தேகப் பிராணி, துரோகி இல்லை என்றானாம். இந்தி படிக்கத்தான் போயிருக்கிறான், பாவி. என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 20
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

1956 நவம்பர் 1, தக்கலை
இன்றுமுதல் நாங்கள் மதராஸ் ராஜ்யம். நான் சேவகனாக இருக்கும் ஆபீஸ் வாசலில் வெடி, மிட்டாய். பெல்ட்டிலிருந்த பழைய ராஜ்யத்துச் சங்கு வில்லையை முதல் ஆளாகக் கழற்றி அதிகாரியின் மேசையில் வைத்தேன்.

"இத யாரும் கேக்கலியே, முத்துநாயகம்" என்றார்.

"கேக்கதுக்கு முன்னயே இருக்கட்டும் சார். ஒரு ரசீது மட்டும் தாங்க."

சிரித்துக்கொண்டே எழுதித் தந்தார். ஏன் சிரித்தார்?