வீட்டுக்காரம்மாவின் கூடை

தை 9, வெள்ளி

இட்லிக்குக் கத்திரிக்காய் கொத்சு வைக்கலாம் என்று காலையில் கொல்லைக்குப் போனேன். வீட்டுக்காரம்மா கூடையோடு நிற்கிறாள். செடியில் பிஞ்சைக்கூட விடவில்லை.

"கேக்காம பறிக்கிறீங்களே" என்றேன்.

"நம்ம வூட்டு மண்ணுல வெளஞ்சதுதானே, இதுல இன்னா கேக்கறது? உளுந்தூர்பேட்டையிலேர்ந்து பொண்ணு வந்துகினு இருக்கா."

கல்லும் கண்ணாடிச் சில்லும் கிடந்த மண் அது. சாணி சுமந்து போட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி வளர்த்தவள் நான். முதல் காய்ப்பை மரியாதைக்கு அவளிடம் கொடுத்தேன். அதையும் வாடகையோடு சேர்த்துக்கொண்டாள் போலிருக்கிறது.

என் கணவரிடம் சொன்னேன். "வுடு, இந்த வாடகைக்கு வேற வூடு எங்க கெடைக்கும்" என்று ஊறுகாயோடு இட்லியைத் தின்றுவிட்டுப் போனார்.

ஆடியில் ஊன்றுவதற்குப் பூசணி விதை எடுத்து வைத்திருந்தேன். சற்றுமுன் அதை வறுத்துத் தின்றுவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.