அந்த வரிசையில் நீங்கள் நிற்கவில்லை

தேயிலையும் சோப்பும் தீர்ந்துவிட்டன என்று இன்று காலை கன்டோன்மென்ட் ராணுவ கேன்டீனுக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கவுண்டரில் ஒரு பெரியவர் ரம் பாட்டிலைக் கை நழுவவிட்டார். முழுப் பாட்டில். சிமென்ட் தரையில் உடைந்து ஓடியது. வரிசையே ஒரே குரலில் "அரே ரே ரே" என்றது. துக்க வீட்டில் நிற்பதுபோல் ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார். பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல், "ஏன் சாப் இத்தனை ஜல்தி? வீட்டுக்குப் போய்த் திறக்கலாம்ல!" என்றது. பாட்டிலைப் போட்டவரும் சேர்ந்து சிரித்தார்.

வாசனை எழும்பியது. கருகிய வெல்லப்பாகின் வாசனை. எத்தனை வருடம் நம் வீட்டுத் திரைச்சீலையிலும் உங்கள் சட்டைக் காலரிலும் குடியிருந்த வாசனை! எனக்கு அருவருத்திருக்க வேண்டும். ஆனால் நான் கூடையைப் பிடித்தபடி மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். அதை மறைக்க நீங்கள் மென்ற ஏலக்காயின் வாசனையும் அதில் வருமா என்று தேடினேன். வரவில்லை.

பனிமலைக் காவலில் குளிருக்கென்று ராணுவம் அளந்து ஊற்றியதில் தொடங்கியது உங்களுக்கு. விடுமுறையில் வரும்போது நான் முகத்தைத் திருப்பினால், "டீச்சர், இது குடியில்ல, ரேஷன்" என்பீர்கள். கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டீர்கள். கான்வென்டில் படித்து அதே கான்வென்டில் பாடம் நடத்திய எனக்கு, அந்தக் கேலி உள்ளூரப் பிடித்திருந்தது.

சுபேதார் மேஜராக ஓய்வு பெற்று வந்தபோது மாதாப்பூரில் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் நீங்கள் செக்யூரிட்டி ஆபீசர். மடிப்புக் கலையாத சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக நீங்கள் வாசலில் நின்றால், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் தாங்களாகவே முதுகை நிமிர்த்திக்கொள்வார்களாம். நம் மகள் சொல்லிச் சிரிப்பாள். அவளும் அதே சாலையில் இன்னொரு கம்பெனியில்தானே வேலை பார்த்தாள். அந்த வாசலிலேயே ஒரு நாள் போதையில் விழுந்தீர்கள். கம்பெனி ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். அக்கம்பக்கத்தாரிடம் "சுகர் இறங்கிடுச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இன்றும் அதற்காக நான் வெட்கப்படவில்லை. வீட்டு மானத்தைக் காக்க அப்போது வேறு கதவு இருக்கவில்லை.

குடியை விட ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்பியபோது உங்கள் கையில் சாசர் கடகடவென்று ஆடியது. அதன்பின் சனிக்கிழமைதோறும் சர்ச்சின் பின்னறையில் குடியை விட்டவர்களின் கூட்டம். முடிந்ததும் இரானி ஹோட்டலில் டீ. பிஸ்கட்டை முக்கி எடுப்பதற்குள் அது உடைந்து கோப்பைக்குள் விழும். ஒரு பட்டாளத்தையே அதட்டிய மனிதர், நாக்கைக் கடித்துக்கொண்டு ஸ்பூனால் அதை மீன்பிடிப்பதுபோல் பிடிப்பீர்கள். "இதுக்கும் டிரெயினிங் வேணும் டீச்சர்." நம் வாழ்க்கையில் நாம் காதலித்த காலம் எது என்று கேட்டால் நான் அந்தச் சனிக்கிழமைகளைத்தான் சொல்வேன்.

ஆனால் கோட்டா இருந்ததே! குடித்தாலும் விட்டாலும் முன்னாள் ராணுவத்தாருக்கு மாதாமாதம் கேன்டீனில் இத்தனை பாட்டில் என்று உண்டு. நீங்கள் விட்டது தெரிந்ததும் உறவுக்காரர்களுக்கு உங்கள் கார்டின்மேல் திடீர்ப் பாசம். என் தம்பியே, "அத்தான், உங்களுக்கு வேண்டாட்டி வீணாப் போகணுமா? வாங்கி எங்கிட்ட தள்ளுங்க" என்றான். வாங்க வேண்டுமானால் நீங்கள்தான் அந்தக் கவுண்டரில் நிற்க வேண்டும். மளிகைக்கு என்னை உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றீர்கள். உள்ளே வந்தால் கால் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது என்றீர்கள்.

அந்த வருடம்தான் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்தோம். பையன் சாப்ட்வேர்; நம் சபைக் குடும்பம். நம் ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் இருந்தபோது பையனின் பெரியப்பா மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சம்பந்தி, ரிசப்ஷன் சாப்பாடு எங்க பொறுப்பு. நீங்க கேன்டீன் சரக்கை மட்டும் பாத்துக்கோங்க. மிலிட்டரிக்காரர் வீட்டுக் கல்யாணத்துல லெமன் ஜூஸா குடுப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் முந்திக்கொண்டேன். "அவருக்கு சுகர். டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டார்."

"சுகர் சம்பந்திக்குத்தானம்மா. பாட்டிலுக்கு இல்லையே!"

இன்னும் பலத்த சிரிப்பு. நீங்கள் சிரிக்கவில்லை. அணிவகுப்பில் நிற்பதுபோல் எழுந்து நின்றீர்கள்.

"எனக்கு சுகர் இல்லீங்க. நான் குடிகாரன். ஆஸ்பத்திரியில கிடந்து எந்திரிச்சு வந்திருக்கேன். இப்ப தொடுறதில்ல. அந்த கவுண்டர்ல போய் நின்னா திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியாது. என் மக கல்யாணத்துக்கும் நிக்க மாட்டேன். மன்னிக்கணும்."

பெரியப்பா வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்தார்கள். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் எந்தத் தாய்க்கும் தெரியும்.

கதவைச் சாத்தியதும் நான் கத்தினேன். "உண்மை பேச வேற நாளே கிடைக்கலையா? அவ வாழ்க்கைங்க இது!"

"பொய் சொல்லித்தானே டீச்சர் இத்தனை வருஷம் குடிச்சேன்" என்றீர்கள். குரலை உயர்த்தவில்லை.

மகள்தான் எச்சில் தட்டுகளை அடுக்கியபடி, "மம்மி, நக்கோ, விடுங்க. டாடி சொன்னது கரெக்ட். இதுக்காக வேணாம்னு சொல்றவங்க எனக்கும் வேணாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சமையலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். உங்களுக்கும் கேட்டது. ஆனாலும் நீங்கள் கேன்டீன் பக்கம் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல் கூட்டத்துக்குப் போனீர்கள். நானும் கூட வந்தேன். டீக்கடையில் பிஸ்கட்டைக்கூட நீங்கள் முக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் பையனே தனியாக வந்தான். செருப்பைக் கழற்றும்போதே, "அங்கிள், பெரியப்பா இன்னும் கோவமாத்தான் இருக்கார். ஆனா கட்டிக்கப் போறது நான்" என்றான். நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் அவனிடம், "டிபன் சாப்பிட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டீர்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ள உள்ளே போனதை நான் பார்த்தேன்.

பிறகு நமக்கு நல்ல வருடங்கள் கிடைத்தன. கை ஆடாமல் பேரனைத் தூக்கினீர்கள். போன வருடம் இதயம் நின்று போனீர்கள், குடியால் அல்ல.

நினைவு ஆராதனையில் வாசிக்க உங்களைப் பற்றி நான்தான் எழுதினேன். பிறப்பு, படிப்பு, பணி, பதவி எல்லாம் எழுதி, கடைசியில் "குடித்தார். விட்டார். சாகும்வரை மறுபடி தொடவில்லை" என்று முடித்திருந்தேன். பாஸ்டர் படித்துவிட்டுத் தயங்கினார்.

"அம்மா, இதை எடுத்துடலாமா? அவர் நல்ல மனுஷன்னு எல்லாருக்கும் தெரியுமே."

"நல்ல மனுஷன்னு நீங்க பிரசங்கத்துல சொல்லுங்க பாஸ்டர். எவ்வளவு நல்ல மனுஷன்னு இதுல இருக்கு. ஒரு எழுத்தும் எடுக்கக் கூடாது."

வாசித்தார். உங்கள் பழைய தோழர்கள் கோட்டில் பதக்கங்களோடு முன் வரிசையில் இருந்தார்கள். நான் தலை குனியவில்லை.

உங்கள் பதக்கங்களை மகள் கேட்டாள், கொடுத்துவிட்டேன். அவள் வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அழகாக இருக்கின்றன. அவை அரசாங்கம் உங்களுக்குக் கொடுத்தவை. யாரிடம் இருந்தாலும் சரி. அந்தக் கடைசி வரியை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை.