மீனுக்குப் பக்கத்தில் இருந்த சோடா

வெள்ளி, இரவு.

கீழே குடியிருக்கும் மாமிதான் வீட்டுக்காரி. மீன் சமைக்கக் கூடாது என்று சொல்லித்தான் மாடியை வாடகைக்கு விட்டார். நான் சமைக்கிறேன். வாடை போக ஃப்ரிட்ஜில் மீனுக்குப் பக்கத்திலேயே ஒரு கிண்ணம் ஆப்பசோடா வைத்திருக்கிறேன்.

இன்று நான் இல்லாதபோது மாமி சோடா கேட்டாராம். என் கணவர் அந்தக் கிண்ணத்தையே தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

"சோடா கேட்டாங்க, குடுத்தேன். இன்னா இப்போ?"

சாயங்காலம் மாமி தட்டோடு மாடியேறி வந்தார். "உங்காத்து சோடாலதான் போண்டா போட்டேன். மாமா வந்தப்பறம்தான் நாங்க சாப்பிடணும். எப்படி இருக்குன்னு நீ சொல்லு."

தின்றேன். வாடை எதுவும் தெரியவில்லை. ஆனால் மீன் விற்கிற வீட்டில் பிறந்தவள் நான். என் மூக்கை நம்பவா?

மயிலாப்பூரில் இனி வேறு வீடு யார் தருவார்கள்?

கீழே மாமாவின் ஸ்கூட்டர் வந்து நிற்கிறது.