கட்டாமல் வைத்த சலான்

ராஜா அண்ணாமலைபுரம்
26-4-98

அன்புள்ள ஹம்சினிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நான் சௌக்கியம், முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் தகராறு செய்கிறது. நீ சௌக்கியமா என்று நாலு வரி எழுதினால்தானே எனக்குத் தெரியும், அந்தப் பம்பாயில் தபால் பெட்டியே இல்லையா என்ன. வெயில் மண்டையைப் பிளக்கிறது, தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்தான். சமையலுக்கு வரும் புஷ்பம், "ஒருத்தருக்கு இன்னா சார் சமைக்கிறது, அளவே வரமாட்டேங்குது" என்கிறாள். ஒருவேளைக்கு வடித்த சாதம் எனக்கு மறுநாளும் ஓடுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன், கோபிக்காமல் படி. நேற்று மயிலாப்பூர் பாங்கில் உன் கணக்கிலிருந்து வருமான வரிப் பாக்கி இருபத்தெட்டாயிரத்தைக் கட்டினேன். செப்டம்பரில் கம்பெனி மாறினாயே, இரண்டு கம்பெனியும் தாங்கள் கொடுத்த சம்பளம்தான் உன் முழு வருமானம் என்று நினைத்து, வரி இல்லாத தொகையை ஆளுக்கொரு தடவை கழித்துவிட்டார்கள். சம்பளத்தில்தான் பிடித்துவிட்டார்களே என்று நீ இருந்தாய், பிடித்தது போதவில்லை. மிச்சத்தை மார்ச் பதினைந்துக்குள் அட்வான்ஸ் டாக்ஸாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டாததால் வட்டி இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம், அதை என் பணத்திலிருந்து கட்டினேன், நீ அனுப்பாதே.

ஏன் என் பணம் என்று கேட்பாய். நீ டிசம்பர் கடைசியில் இரண்டு சம்பளச் சீட்டையும் அனுப்பினாய், நான் ஜனவரியிலேயே கணக்குப் போட்டு, சலானும் எழுதிவிட்டேன். கட்டவில்லை. கணக்கில் சிக்கல் இருக்கிறது, நேரில் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று போனில் சொன்னேன், அது பொய் அம்மா. அப்படிச் சொன்னால் வருவாய் என்று நினைத்தேன். சிவராத்திரிக்கு வருகிறேன் என்றாய், லீவு கிடைக்கவில்லை. மார்ச் முதல் வாரம் என்றாய், நானும் உன் அறையைக் கழுவி, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். பதினான்காம் தேதி காலை போன் செய்து, "நீங்களே பார்த்துப் பண்ணிடுங்கோப்பா" என்றாய். பாங்கு திறந்துதான் இருந்தது, எனக்குத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. ஆடிட்டர் ஆபீஸில் முப்பது வருஷம் உட்கார்ந்தேன், ஒருவருக்கும் ஒரு தேதியைத் தவறவிட்டதில்லை. பெற்ற பெண்ணுக்குத் தவறவிட்டேன். உன் அம்மா இருந்திருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அவள் போன பிறகு இந்த வீட்டில் என் இருமல்தான் எனக்கே கேட்கிறது, வேறு என்ன சொல்ல.

இனி எப்போது கம்பெனி மாறினாலும் பழைய சம்பள விவரத்தைப் புது ஆபீஸில் சேர்ந்த வாரமே எழுதிக் கொடு, டெபாசிட் வட்டியையும் சொல், முழுவதற்கும் சேர்த்து அவர்களே மாதாமாதம் பிடிப்பார்கள். பாக்கி இருக்காது, வட்டியும் இருக்காது, என் தயவும் வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, ரயிலில் தொங்கிக்கொண்டு போகாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், நூறு வயசு இருக்க வேண்டும். சலான் நகல் இதோடு இருக்கிறது, பத்திரம். ஜூனில் ரிட்டர்னில் கையெழுத்துப் போட வருகிறேன் என்றாய், அதற்காக வர வேண்டாம், தபாலில் அனுப்புகிறேன், போட்டுத் திருப்பி அனுப்பு. வருவதானால் ஒரு வேலையும் இல்லாமல் வா.

உன் அப்பா
சந்திரமௌலி