கும்பகர்ணியும் கும்பகமும்

பிப்ரவரி 7, 1983, திங்கள்

உரக்கடையில் என் வீட்டுக்காரருக்கு இனாமாகக் கொடுத்த டைரி. அவர் ஒரு எழுத்தும் எழுதப்போவதில்லை, நானாவது கிறுக்குகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் விவசாயிக்கு ஒரு யோசனை அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்கு: "வளர்ச்சி குன்றிய பயிருக்கு மேலுரம் இடுக."

வளர்ச்சி குன்றியது பயிரில்லையே, என் பெண்ணாயிற்றே.

இன்று பால்வாடியில் எடை போடும் நாள். அடி அண்ணாமலையின் நாற்பத்தொரு பிள்ளைகளையும் தராசில் தொங்கவிட்டேன். எல்லாரிலும் கம்மி யார்? பால்வாடி டீச்சர் கஸ்தூரி பெற்ற ஆதிலட்சுமி. நாலரை வயது, பதினொன்றே கால் கிலோ. ஆயா ஆராயி வாயைப் பொத்திக்கொண்டு, "டீச்சர் வூட்ல சோறு ஆக்கறதில்லியா?" என்றாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். டீச்சர் பிள்ளை எலும்பு என்று இனிமேல் சேர்த்துக்கொள்ளட்டும்.

முட்டை கொடுக்கிறேன், கேழ்வரகுக் கூழ் கொடுக்கிறேன். நாலு வாய் மென்று களைத்துப் போய்விடுகிறாள். எங்கேதான் போகிறது அவள் தெம்பெல்லாம்?

பிப்ரவரி 12, சனி

இன்றும் பாய் நனைந்துவிட்டது. இந்த வாரத்தில் நாலாவது முறை. முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அழக்கூட இல்லை. நின்றபடியே கண் செருகியது.

"வுடுடி, கும்பகர்ணிக்கு இன்னும் விடியல" என்றார் அவர். பெயர் வைத்தவர் அவர்தான். சிரிப்பு வேறு.

பிப்ரவரி 13, ஞாயிறு

அவர் அக்கா பாஞ்சாலை வந்திருந்தாள். ஆதியின் குறட்டையைக் கேட்டதும் முகமெல்லாம் பூரிப்பு. "எங்க அப்பாவோட கொறட்ட அப்படியே வந்திருக்குது! எங்கப்பா தூங்கினா நாலு வூடு தள்ளி நாய் கொலைக்கும். இந்தத் தெருவுல திருடன் கால வெச்சதே இல்ல." என் வீட்டுக்காரர் கோதண்டராமன் மீசையைத் தடவிக்கொண்டார். சொத்து பிரிக்கும்போது நிலத்தை அண்ணன்களுக்குக் கொடுத்துவிட்டு, குறட்டையை மட்டும் இவருக்கு எழுதிவைத்தார்கள் போலிருக்கிறது.

பிப்ரவரி 24, வியாழன்

இதை மறக்காமல் எழுத வேண்டும்.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வரிசையாகப் படுத்திருந்தார்கள். நாற்பது பிள்ளை தூங்குகிற சத்தம் கேட்கவே இல்லை. ஒன்று மட்டும் அரிசி மில்லாக ஓடிக்கொண்டிருந்தது. பதிவேட்டை எழுதிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று மில் நின்றுவிட்டது.

சரி, புரண்டு படுத்திருப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். புரளவில்லை. தலையைப் பின்னுக்குத் தள்ளி, வாயைப் பிளந்து, கழுத்தெல்லாம் வேர்வை. வயிறு மேலே எழும்புகிறது, நெஞ்சு உள்ளே குழிகிறது, ஆனால் மூச்சுச் சத்தமே இல்லை. என்னையறியாமல் எண்ணினேன். ஒன்பது வந்ததும் 'களக்'கென்று ஒரு விக்கல், உடம்பு தூக்கிப் போட்டது, மறுபடி மில்.

ஆராயியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பசங்க தூங்கறப்ப சிரிக்கும், அழும், பல்லு கடிக்கும் டீச்சர். ஆனா மூச்ச நிறுத்தறத நான் பாத்ததில்ல" என்றாள். பதினோரு பிள்ளை பெற்றவள் சொல்கிறாள்.

இது குறட்டை இல்லை. வேறு ஏதோ.

மார்ச் 3, வியாழன்

டவுனுக்குப் போய் டாக்டரிடம் காட்டினேன். அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரமும் ஆதி சமர்த்தாக மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மூச்சு நின்றுவிடுகிறது என்றேன். "இப்ப நல்லாத்தானே விடறா?" என்றார். விழித்திருக்கும்போது எல்லாரும் நன்றாகத்தான் விடுகிறோம்! பூச்சி மருந்தும் டானிக்கும் எழுதிக்கொடுத்தார்.

மார்ச் 11, வெள்ளி

பூச்சி வரவில்லை.

மார்ச் 20, ஞாயிறு

அமுக்குவான் பேய்தான் நெஞ்சில் உட்காருகிறது என்று பாஞ்சாலை தாயத்து கட்டிவிட்டாள். ஆதி அதைச் சப்பிச் சப்பித் தகட்டை நசுக்கிவிட்டாள்.

ஏப்ரல் 27, புதன், சித்ரா பௌர்ணமி

மலை சுற்றுகிற கூட்டம் ஜாஸ்தி. பாதையோரம் இருக்கும் எங்கள் சோடாக் கடையில் ஆதியை உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். அவளுக்குப் படுத்தால் மூச்சு முட்டும். அதனால் கொஞ்ச நாளாக உட்கார்ந்தே தூங்கப் பழகியிருக்கிறாள். காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, மூக்கு வானத்தைப் பார்த்தபடி.

திரும்பி வந்தால் கடை முன்னால் பத்துப் பேர் கைகூப்பி நிற்கிறார்கள். நடுவில் மெட்ராஸ்காரர் ஒருவர், பெயர் ராமகிருஷ்ணன். ரிட்டயரானபின் ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாராம். உதட்டில் விரலை வைத்து, "உஷ்... சத்தம் போடாதீங்கோம்மா. கொழந்தை கும்பகத்துல இருக்கா" என்றார்.

"இன்னாது?"

"கும்பகம்! மூச்சை உள்ளே கட்டறது. நான் முப்பது வருஷமா முயற்சி பண்றேன், எனக்குப் பத்து எண்றதுக்குள்ள இருமல் வந்துடும். இந்த வயசுல, அதுவும் சோடாக் கடையில..." கண்ணில் நீர் வந்துவிட்டது மனிதருக்கு. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். 'களக்'கென்று ஆதி விழித்துக்கொண்டு, தன் காலடியில் கிடந்த வழுக்கைத் தலையைப் பார்த்து வீரிட்டாள்.

கும்பகர்ணி என்றார் அப்பன். கும்பகம் என்கிறார் இவர். பெத்தவ ஒருத்தி கத்தறது யார் காதுலயும் விழல.

மே 4, புதன்

கடையில் பலகையின் மேல் ஜமுக்காளம் விரித்து அதன்மேல் ஆதியை உட்கார வைத்திருக்கிறார் அவர். ஒரு வாரமாகச் சோடாவுக்குக் கிராக்கி. வருகிறவர்கள் வாழைப்பழம், கற்கண்டு வைக்கிறார்கள், ஒரு வெள்ளைக்காரி மாலையே போட்டுவிட்டாள். ஜமுக்காளத்தை உருவி எறிந்தேன்.

"சும்மா உக்காந்து தூங்குது. அதுல உனக்கு இன்னாடி நஷ்டம்?"

"அது தூக்கமில்லங்க. உங்களுக்குக் கண்ணு எங்க இருக்குது?"

கற்கண்டை மட்டும் எறியவில்லை. ஆதி கேட்டாள்.

மே 26, வியாழன், பௌர்ணமி

ராமகிருஷ்ணன் மறுபடி வந்தார், மகன் துபாயிலிருந்து அனுப்பிய டேப் ரிக்கார்டரோடு. ஆதியின் மூச்சைப் பதிவு செய்து பக்தர்களுக்குப் போட்டுக் காட்டப் போகிறாராம். திட்டி அனுப்பலாம் என்று வந்தேன். அதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மைக்கில் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "இதோ கும்பகம் ஆரம்பம். அஞ்சு செகண்ட்... பத்து... பதினஞ்சு... இருபது... இருபத்திரண்டு! ஆஹா!"

பிப்ரவரியில் ஒன்பது. இப்போது இருபத்திரண்டு. ஒரு நாள் அந்த 'களக்' வராமலே போய்விட்டால்? என் குழந்தை செத்துப்போய்விடும், இவர்கள் சமாதி என்று கற்பூரம் ஏற்றுவார்கள்.

ராமகிருஷ்ணன் காலில் விழுந்தேன். "சாமி, இந்த கேசட்ட எனக்குக் குடுங்க. வேலூர் பெரிய டாக்டர்ங்களாண்ட காட்றேன். நான் வாயால சொன்னா யாரும் நம்பல."

கேசட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "இந்த மிஷினை உங்களுக்குப் போடத் தெரியாதேம்மா. நானும் வரேன்" என்றார்.

ஜூன் 6, திங்கள்

வேலூர். பஸ்ஸில் ஆதி என் மடியில், டேப் ரிக்கார்டர் ராமகிருஷ்ணன் மடியில், என் வீட்டுக்காரர் தலை பக்கத்துச் சீட்டுக்காரர் தோளில்.

காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டரம்மா, என் வயதுதான் இருக்கும். கேசட்டைப் போட்டார் ராமகிருஷ்ணன். "சம்போ மகாதேவா" என்று ஜால்ராவோடு பஜனை கிளம்பியது. நர்ஸ் ஓடிவந்துவிட்டாள். அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று அவர் பதறித் திருப்பிப் போட்டார்.

பிறகு என் பெண்ணின் மில். பிறகு நிசப்தம். "இதோ கும்பகம் ஆரம்பம். அஞ்சு செகண்ட்... பத்து..." டாக்டரம்மா முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பதினைந்தில் சிரிப்பு போயிற்று. இருபத்திரண்டில் பேனாவை எடுத்தார். மறுபடி போடச் சொல்லி, ஒவ்வொரு நிறுத்தத்தையும் எழுதிக்கொண்டார்.

"சார், நீங்க எண்ணினது ரொம்ப உபயோகம். ஆனா இது யோகம் இல்ல. தொண்டை அடைச்சுக்குது."

டேப்பை நிறுத்தியும் குறட்டை நிற்கவில்லை. டாக்டரம்மா மிஷினைத் தட்டிப் பார்த்தார். நான்தான் எழுந்து கதவைத் திறந்து காட்டினேன். வராந்தா பெஞ்சில் என் வீட்டுக்காரர், வாயைப் பிளந்து. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றது, கொஞ்ச நேரம் கழித்துக் 'களக்'. "அடுத்த தடவை இவருக்கும் ஒரு சீட்டு போடுங்க" என்றார் டாக்டரம்மா.

ஆதியின் வாயைத் திறந்து எனக்கும் காட்டினார். உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு எலுமிச்சங்காய். நடுவில் ஒரு விரல் போகாது. மூக்குக்குப் பின்னாலும் சதை வளர்ந்திருக்கும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், ஒரு ராத்திரி இங்கேயே தூங்கவைத்துப் பார்க்க வேண்டும் என்றார். பாய் நனைகிறதா, வேர்க்கிறதா, எடை ஏறவில்லையா, பகலில் சிடுசிடுப்பா என்று வரிசையாகக் கேட்டார். என் வீட்டில் ஒளிந்திருந்து பார்த்தவர் மாதிரி கேட்டார்.

ஜூன் 7, செவ்வாய்

நர்ஸ் விடிய விடிய பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். நூற்றுப் பத்து தடவை மூச்சு நின்றிருக்கிறது. எக்ஸ்ரேவிலும் சதை தெரிகிறதாம், ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"ஒவ்வொரு தடவையும் மூளை பயந்து எழுப்பி விடுதும்மா. நூத்திப் பத்து தடவை எழுப்பினா நீங்க தூங்குவீங்களா? இவ தூங்குமூஞ்சி இல்ல. தூக்கம்னா இன்னான்னே தெரியாத குழந்தை."

தூக்கமே இல்லாத பிள்ளையையா கும்பகர்ணின்னு கூப்பிட்டோம்? பாய நனைச்சான்னு அடிச்சேனே. இந்தக் கை— இந்தக் கைதான். வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஆதிக்குப் பலூன் வாங்கிக் கொடுத்துவிட்டு, மறைவில் நின்று அழுதேன்.

ஜூன் 9, வியாழன்

அறுவை சிகிச்சை வேண்டாம் என்கிறார் அவர். "தொண்டையில கத்தி வெக்கறதா? எங்க வம்சமே இப்படித் தூங்கித்தான் பொழைச்சிருக்குது." உங்கள் அப்பா தூக்கத்திலேயே போனாரே, எப்படிப் போனார் என்று யாராவது கேட்டீர்களா என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜூன் 10, வெள்ளி

ராமகிருஷ்ணன் கடைக்கே வந்து டேப்பைப் போட்டார். இம்முறை சரியான பக்கம். என் வீட்டுக்காரருக்குத் தன் குறட்டையைத் தாண்டி மகளுடையதை ஒரு நாளும் கேட்க வாய்த்ததில்லை. "அஞ்சு... பத்து..." கையில் சோடா பாட்டிலோடு நின்றார். "பதினஞ்சு..." பாட்டிலைக் கீழே வைத்தார். இருபது வந்ததும் மிஷினை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கி, "மூச்சு வுடுடி கண்ணு! வுடுடி!" என்று கத்தினார்.

பக்கத்தில் ஆதி விழித்துக்கொண்டு கோலி ஆடிக்கொண்டிருந்தாள். "வுட்டுட்டுத்தான் இருக்கேன் நைனா" என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். எனக்கு இருப்பது ஒண்ணே ஒண்ணு, கத்தி பட்டு ஏதாவது ஆயிட்டா நான் இன்னா செய்வேன் என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார். எனக்கும் அதே பயம்தான். எந்தப் பயம் பெரிசு என்று நாங்கள் இருவரும் அந்தக் கேசட்டைக் கேட்டுத்தான் முடிவு செய்தோம்.

ஜூன் 23, வியாழன்

உள்ளே கொண்டுபோய் ஒரு மணி ஆயிற்று. டைரியில் இன்றைய யோசனை: "களை எடுத்தால் பயிர் மூச்சு விடும்." நிஜமாகவே அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.

—முடிந்தது. நல்லபடியாக. அண்ணாமலையாரே.

ஜூன் 24, வெள்ளி

ஐஸ்கிரீம் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆதிக்குப் பேச முடியவில்லை, விரலால் மூன்று என்று காட்டுகிறாள்.

ஜூன் 27, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். அவள் தூங்கிய பிறகு சத்தமே இல்லை. இவ்வளவு நிசப்தம் நல்லதா? மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு வருகிறது. கொஞ்சம் பொறுத்து மறுபடி. சந்தேகம் தீராமல் எழுப்பியே விட்டேன்.

கரகரத்த தொண்டையோடு, "தூங்க வுடேம்மா!" என்று கத்தினாள்.

இவள் வாயிலிருந்து இந்த வார்த்தை! பெற்ற வயிறு குளிர்ந்துவிட்டது.

ஜூலை 15, வெள்ளி

இரண்டு வாரமாகப் பாய் காய்ந்திருக்கிறது. பாஞ்சாலை தன் தாயத்துதான் காரணம் என்று தெருவெல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும்.

ஆகஸ்ட் 1, திங்கள்

பன்னிரண்டரை கிலோ. ஆராயி தராசைத் தட்டி இரண்டு முறை பார்த்தாள். ஆதி பக்கத்துப் பையனைக் கடித்ததாகப் புகார். தெம்பு வந்துவிட்டது! பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 10, புதன்

அவருக்கும் வேலூரில் சீட்டு போட்டாயிற்று. ஒருக்களித்துத் தூங்கச் சொல்லியிருக்கிறார்கள். மல்லாந்து புரளாமலிருக்க முதுகுப் பக்கம் பனியனில் தேங்காய் ஒன்றைத் தைத்துவிட்டேன். வம்சப் பெருமையெல்லாம் தேங்காயோடு புரள்கிறது.

ஆகஸ்ட் 23, செவ்வாய், பௌர்ணமி

மத்தியானம் ராமகிருஷ்ணன் பால்வாடிக்கு வந்தார். மலை சுற்றக் கிளம்பியவர், குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். ஊரார் முன் விழுந்து கும்பிட்டதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது என்றார். "நீங்க விழுந்ததாலதான் சாமி இவ எழுந்தா" என்றேன். மனதாரச் சொன்னேன். அவர் எண்ணாவிட்டால் யார் எண்ணியிருப்பார்கள்?

"தூங்கறாளா? எங்கே?"

"இதோ காட்றேன்" என்று எழுந்தேன்.

நாற்பத்தொரு பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். வாசலில் நின்று வழக்கம்போல் காதைத் தீட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு முகமாகக் குனிந்து தேடிக்கொண்டு போனேன், பச்சைப் பாவாடையைப் பார்க்கும்வரை எது என் பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை.